சின்னஞ்சிறு கணங்களில் மகிழ்ச்சி என்பது உண்மையா, ஆறுதலுக்குச் சொல்வதா?

சாளரம் (வினா)

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு ஆண்டுகளாக என் தந்தையாரை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்கிறேன். அவருக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவருகிறது. என்னைச் சில நாள் மகனாகவும், சில நாள் தம்பியாகவும், பல நாள் சம்பளத்துக்கு வந்துபோகும் வேலையாளாகவும் எண்ணிப் பேசுகிறார். என் அலுவலக வேலையையும் பக்கத்து அறையில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறேன். பரிதாபம் தேடி இதைச் சொல்லவில்லை. கேள்வி எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால், விடை சொல்ல வருபவர்கள் இதை ஒரு தத்துவ விசாரமாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

பெரிய மகிழ்ச்சிகளுக்காகக் காத்திராமல் அன்றாட வாழ்வின் சின்னஞ்சிறு கணங்களில் மகிழ்ச்சியைக் கண்டுகொள்ள வேண்டும் என்று எங்கு திரும்பினாலும் சொல்கிறார்கள். சரி, செய்துதான் பார்ப்போமே என்று ஆறு மாதங்களுக்கு முன் ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வோர் இரவும் அன்றைக்கு மனத்துக்கு இதமாக இருந்த மூன்று விஷயங்களை எழுதத் தொடங்கினேன். முதல் வாரம் உண்மையாகவே நன்றாக இருந்தது. பகலில் எதையாவது பார்க்கும்போதே ‘இதை எழுதலாம்’ என்று மனம் குறித்துக்கொண்டது. மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு ‘இன்று காற்று இதமாக இருந்தது’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடும்போதுதான், அன்று முழுவதும் நான் சன்னலைக்கூடத் திறக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வகுப்புக்கு வராதவனுக்கும் சேர்த்து ‘உள்ளேன்’ சொல்வதைப் போல, இல்லாத மகிழ்ச்சிக்கு நானே வருகைப்பதிவு போட்டுக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டை அலமாரியில் வைத்துவிட்டேன்.

இன்னொன்று இதைவிடச் சிக்கலானது. சென்ற வாரம் ஒரு காலையில் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான்களை மாட்டிக்கொண்டிருந்தேன். நான் மாட்ட மாட்ட அவர் கழற்றிக்கொண்டே வந்தார். நான்காவது முறை பொறுமை போய், அவர் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்தேன். கொஞ்சம் வேகமாகவே வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது பக்கத்து மேசையில் கண்ணாடிக் குவளையில் இருந்த தண்ணீரில் வெயில் பட்டு, அதன் ஒளி கூரையில் நெளிந்து நெளிந்து ஆடியது. எதையும் நினைக்காமல் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மகிழ்ச்சியாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. ஒரு முதியவரின் கையைப் பிடித்து இழுத்தவனுக்குக் கூரையில் ஆடும் ஒளியை ரசிக்க என்ன உரிமை இருக்கிறது?

ஆகவே என் கேள்வி இதுதான். சிறிய கணங்களில் கிடைப்பதாகச் சொல்லப்படும் மகிழ்ச்சி மெய்யானதா, அல்லது பெரியது எதுவும் வாய்க்காதவர்களைச் சமாதானப்படுத்தச் சொல்லும் பேச்சா? அருகில் ஒருவர் தேய்ந்துகொண்டிருக்கும்போது அதை உணர்வது தவறா? அதோடு, நாள் முழுவதும் ஒருவருக்காகவே உழைக்கிறேன், ஆனால் கருணை என்று சொல்லத்தக்க எதையும் என்னுள் காணவில்லை, அது ஏன்? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நடைவழி (மறுமொழி)

சாளரம் அவர்களுக்கு வணக்கம்.

உளவியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில், முதலில் உங்கள் குறிப்பேட்டுக்காகக் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். நன்மைகளை எண்ணிப் பார்க்கும் பயிற்சியைப் பற்றி சோன்யா லியுபோமிர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் எழுதிய கட்டுரையில், ஆறு வாரம் நடந்த ஒரு சோதனை பேசப்படுகிறது. வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களின் மனநிறைவு கூடியது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. நீங்களோ வாரத்துக்கு ஏழு முறை எழுதியிருக்கிறீர்கள். குறிப்பேட்டின் மீதும் தவறில்லை, உங்கள் மீதும் தவறில்லை. எந்த நல்ல செயலும் கணக்குக் காட்ட வேண்டிய கடமையாக மாறும்போது அதிலிருந்த உயிர் போய்விடுகிறது.

பெரியது வாய்க்காதவர்களுக்கான சமாதானமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு பேச்சு உலவுவது உண்மைதான், அதைப் பிறகு யாராவது சொல்வார்கள். ஆனால் பெரியவை வாய்த்தவர்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும். புது வீடு, பதவி உயர்வு, நீண்ட நாள் கனவு என எது கைகூடினாலும் அதன் ஒளி சில மாதங்களில் மங்கி, மனம் தன் பழைய மட்டத்துக்கு ஏறக்குறைய வந்து சேர்ந்துவிடுகிறது. 1971-இல் பிரிக்மன், கேம்பெல் என்னும் இருவர், எவ்வளவு நடந்தாலும் நின்ற இடத்திலேயே இருக்க வைக்கும் நடைப்பொறியோடு இதை ஒப்பிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அந்தக் கருத்தைப் பல இடங்களில் திருத்தியிருக்கின்றன. எல்லா இழப்புகளுக்கும் மனம் அப்படிப் பழகிவிடுவதில்லை. ஆனாலும் பெரிய மகிழ்ச்சி நிலைப்பது, சிறியது வெறும் சில்லறை என்ற கணக்கு தவறு என்பதைக் காட்ட அது போதும்.

இனி நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். 2010-இல் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் என்னும் ஹார்வர்டு உளவியலாளர்கள் ஒரு கைபேசிச் செயலியின் வழியே 2,250 பேரிடம், நாளின் எதிர்பாராத நேரங்களில், இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்ட தருணங்களில் 46.9 விழுக்காட்டில் மனம் செய்யும் செயலில் இல்லை. மனம் அலையும்போது மக்கள் மகிழ்ச்சி குன்றியிருந்தார்கள். இதில் நான் ஆண்டுதோறும் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது வேறொன்று: மனம் இனிமையான ஒன்றை நோக்கி அலைந்தபோதும், கையிலிருக்கும் வேலையிலேயே நின்ற மனத்தைவிட அது கூடுதலாக மகிழ்ந்திருக்கவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே மலையுச்சியைக் கனவு காண்பவன், பாத்திரத்தை மட்டும் துலக்குபவனைவிட ஒரு படி மேலே போய்விடவில்லை என்று பொருள். நீங்கள் கூரையைப் பார்த்து நின்ற அந்த ஒரு நிமிடத்தில் அழகு எங்கிருந்தோ வந்து இறங்கவில்லை. தண்ணீரும் வெயிலும் தினமும் அங்கேதான் இருந்திருக்கும். அன்று நீங்கள் இருந்தீர்கள்.

கருணையைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதே கதவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1973-இல் டார்லி, பேட்சன் என்னும் இருவர் பிரின்ஸ்டனில் இறையியல் கற்ற நாற்பது மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். வழியில் ஒரு மனிதர் வாசற்படியில் சரிந்து, இருமி முனகிக்கொண்டிருப்பார்; அவர் சோதனைக்காக அமர்த்தப்பட்டவர் என்பது மாணவருக்குத் தெரியாது. நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவ முன்வந்தார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, விரைந்து போங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே நின்றார்கள். அந்த நாற்பது மாணவர்களில் பாதிப் பேர் பேசப் போன பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை என்பதுதான் வேடிக்கை. அந்தக் கதையைப் பேசப் போனதால் உதவி குறிப்பிடத்தக்க அளவில் கூடிவிடவில்லை. சிலர் கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்தே போனார்கள்.

அவர்களை ஈரமில்லாதவர்கள் என்று அந்த ஆய்வாளர்கள் முடிவுகட்டவில்லை, நானும் கட்டமாட்டேன். அவசரத்தில் இருப்பவனின் கண் குறுகிவிடுகிறது. எதிரே கிடப்பது மனிதனாகத் தெரியாமல் தடங்கலாகத் தெரிகிறது. உங்கள் சட்டைப் பொத்தான் காலையை இந்த வெளிச்சத்தில் நினைத்துப் பாருங்கள். அன்று எத்தனை மணிக்கு அலுவலகக் கூட்டம் இருந்தது? நான் ஊகித்துத்தான் கேட்கிறேன். ஆனால் நான்காவது பொத்தானின்போது உங்கள் எதிரே இருந்தவர் அப்பாவாக இருந்திருக்க மாட்டார், ஒன்பது மணிக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் ஒரு வேலையாக இருந்திருப்பார்.


எதிர்க்காற்று (மறுமொழி)

மேலே எழுதியவர் ‘பிறகு யாராவது சொல்வார்கள்’ என்று விட்டுவைத்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளாக ஒருவர் மாற்று ஆளில்லாமல் நோயாளியையும் பார்த்து அலுவலகத்தையும் பார்த்தால், அவருக்கு முதலில் தேவைப்படுவது தூக்கம். அதை விட்டுவிட்டுக் கூரையில் ஆடும் ஒளியைப் பற்றிப் பேசுவது எனக்கு உவப்பாக இல்லை. சிறியவற்றில் மகிழ்ச்சி காண் என்ற அறிவுரை பெரும்பாலும் சுமையைக் குறைக்க வழியிருந்தும் குறைக்க மனமில்லாதவர்களின் வாயிலிருந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன். கூடப் பிறந்தவர்கள், மேலதிகாரிகள், எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போகும் உறவினர்கள். அவர்கள் சொல்லும்போது அந்த அறிவுரைக்கு ‘என்னைக் கேட்காதே’ என்பதுதான் பொருள்.

சாளரம் அவர்களே, வாரத்தில் ஒரு பாதி நாளாவது அப்பாவை இன்னொருவர் பொறுப்பில் விட வழி இருக்கிறதா என்று பாருங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஓய்ந்த உடம்புக்கு எந்த ஒளியும் தெரியாது, எந்தக் கருணையும் சுரக்காது.


பழகியகை (மறுமொழி)

வணக்கம். முப்பத்தோர் ஆண்டுகள் நோயாளிகளின் படுக்கையருகே செவிலியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். எதிர்க்காற்று சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். முதலில் தூங்குங்கள் தம்பி. அதைச் சொல்லிவிட்டு, கருணையை உணரவில்லை என்று நீங்கள் எழுதியதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்த எட்டாவது ஆண்டில் நானும் இதே வரியை ஒரு மூத்த செவிலியிடம் சொல்லி அழுதிருக்கிறேன்.

கருணை என்றால் அடுத்தவரின் வலியை நம் உடம்பில் சுமப்பது என்று நான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். யாராவது துடித்தால் எனக்கும் வயிறு பிசையும். அப்படிப் பிசையாத நாளில் நான் மரத்துப்போய்விட்டேன் என்று பயப்படுவேன். நாளடைவில் உண்மையாகவே மரத்துப்போனேன், அவ்வளவு பிசைவை எந்த வயிறு தாங்கும்? ஓய்வுபெற்ற பிறகு என் மகள்தான் ஓர் ஆய்வைப் படித்துச் சொன்னாள். டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் நடத்தியது. ஓர் ஆய்விதழில் 2014-இல் வந்தது. ஒரே மக்களுக்கு முதலில் பிறர் துன்பத்தைத் தம் துன்பமாக உணரும் பயிற்சியைக் கொடுத்தார்கள். துன்பக் காட்சிகளைப் பார்த்தபோது அவர்களின் வேதனை கூடியது, மூளையில் வலியோடு தொடர்புடைய பகுதிகள் விழித்தன. பிறகு அவர்களுக்கே, துன்பப்படுபவர் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்பும் பயிற்சியைக் கொடுத்தார்கள். காட்சிகள் முன்போலவே துயரமானவைதான். ஆனால் இதமான உணர்வு கூடியது, விழித்த மூளைப் பகுதிகளும் வேறு. இதைக் கேட்டபோது, எட்டாவது ஆண்டில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. கூடவே வலிப்பது ஒன்று, நன்றாக இருக்கட்டும் என்று விரும்புவது இன்னொன்று. முதலாவது நம்மைத் தின்றுவிடும்.

அந்த மூத்த செவிலி எனக்கு ஆய்வு எதுவும் சொல்லவில்லை. “தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடு” என்றார், அவ்வளவுதான். ‘இப்போது உங்கள் இடது கையைத் தூக்கப்போகிறேன்’ என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்து தூக்க வேண்டும். கேட்பவருக்குப் புரிகிறதா இல்லையா என்பது பற்றிக் கவலைப்பட வேண்டாம். செய்து பார்த்தேன். நோயாளியைவிட எனக்குத்தான் அதில் பலன் அதிகம். அந்த ஒரு மூச்சு நேரத்தில் என் அவசரம் உடைந்துவிடும், கை தானாக இளகிவிடும். உட்கார்ந்திருப்பவரிடம் பேசும்போது நானும் உட்கார்ந்து, கண்ணுக்குக் கண் நேராக வைத்துப் பேசப் பழகினேன். நின்றுகொண்டு இரண்டு நிமிடம் பேசுவதும் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசுவதும் கடிகாரத்துக்கு ஒன்றுதான், படுத்திருப்பவருக்கு ஒன்றல்ல. இவற்றையெல்லாம் செய்யும்போது எனக்குள் கருணை இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கையில் வந்தது, பிறகு என்றைக்கோ ஒரு நாள் மனத்திலும் வந்திருந்தது. எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உங்கள் அப்பாவைப் பற்றி இன்னும் ஒன்று. நினைவு தங்காதவரிடம் அன்பாக இருந்து என்ன, கோபித்து என்ன, ஐந்து நிமிடத்தில் மறந்துவிடப்போகிறார் என்று பலர் எண்ணுகிறார்கள். உறவினர்கள் வாய்விட்டுச் சொல்லியே கேட்டிருக்கிறேன். 2014-இல் அயோவா பல்கலைக்கழகத்தார் அல்சைமர் நோய் கண்ட 17 பேருக்குச் சோகமான காட்சித்துண்டுகளையும், வேறொரு வேளையில் மகிழ்ச்சியான காட்சித்துண்டுகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் பார்த்தது பெரும்பாலும் அவர்களுக்கு மறந்துவிட்டது. ஆனால் பார்த்ததால் எழுந்த சோகமும் மகிழ்ச்சியும் மறையவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் இருந்தன. எதைப் பார்த்தோம் என்பது யாருக்குக் குறைவாக நினைவிருந்ததோ அவர்களிடம் சோகம் கூடுதல் நேரம் தங்கியது என்பது இன்னும் கடுமையானது. காரணம் தெரிந்த சோகத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். காரணம் மறந்த சோகத்தோடு ஒருவர் என்ன செய்வார்?

நீங்கள் கையை இழுத்ததைக் குத்திக்காட்டவே இதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் இழுத்திருக்கிறேன், அதைவிட மோசமாகவும் நடந்துகொண்டிருக்கிறேன். இதன் மறுபக்கத்துக்காகச் சொல்கிறேன். காலையில் ஐந்து நிமிடம் அவரிடம் மென்மையாக இருந்துவிட்டு நீங்கள் பக்கத்து அறைக்குப் போய் வேலையில் மூழ்கினாலும், அந்த மென்மை அவரிடம் பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கும். உங்கள் வேலையில் சிறிய கணம் என்பது ரசிப்பதற்கான விஷயம் மட்டுமல்ல, மருந்து கொடுப்பதைப் போல அதுவும் ஒரு பணி.

பொத்தான் விஷயத்தில் ஒரு சிறிய யோசனை. அவர் ஏன் கழற்றுகிறார் என்று என்றைக்காவது பார்த்தீர்களா? கேட்கச் சொல்லவில்லை, கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு, முழுவதும் கழற்றி முடிக்கும்வரை ஒருமுறை பார்த்துக்கொண்டிருங்கள்.


மூன்றாம்படி (மறுமொழி)

எல்லோரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். வெட்கத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுதாததால் சில வரிகள்.

பௌத்த மரபில் மைத்திரி (நேசம்), கருணை, முதிதை, உபேட்சை (மனச் சமநிலை) என்னும் நான்கையும் ஒன்றாகவே பயிலச் சொல்வார்கள். முதிதை என்பது பிறர் மகிழ்ச்சியைக் கண்டு மகிழ்வது. அதைக் கருணைக்குப் போட்டியாக வைக்காமல், பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பழைய பாலி உரைகள் இன்னும் நுட்பமாக ஒன்று சொல்கின்றன. கருணைக்குத் தூரத்துப் பகை, கிட்டத்துப் பகை என இரண்டு உண்டாம். தூரத்துப் பகை கொடுமை. அதை யாரும் கருணையென்று தவறாகக் கொள்ள மாட்டார்கள். கிட்டத்துப் பகை துயரம். அது கருணையைப் போலவே முகம் வைத்திருப்பதால் நாம் ஏமாந்து அதை வீட்டுக்குள் விட்டுவிடுகிறோம். பழகியகை அம்மா சொன்ன ஆய்வு முடிவைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

தமிழிலும் அன்பு, அருள் என்று இரண்டு சொற்களைத் தனித்தனியாகக் கையாள்கிறோம். தொடர்புடையவரிடம் செல்வது அன்பு, தொடர்பு கருதாமல் எல்லா உயிரிடத்தும் செல்வது அருள் என்பது உரைகாரர்கள் வகுத்த வேறுபாடு. அன்பு பெற்ற குழந்தையாகவே அருளைக் குறள் காண்கிறது. உங்கள் நிலைமையில் இந்த வரிசை சற்றே குழம்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். பல நாள் அவர் உங்களை மகனாக அறிவதில்லை, அவர் பக்கம் தொடர்பு அறுந்திருக்கிறது. நீங்களோ தொடர்புடைய மகனாக நின்று, அந்த அன்பு திரும்பி வராத இடத்தில் தவிக்கிறீர்கள். அந்த நாள்களில் எதிரே இருப்பவரை அப்பா என்ற உரிமையில்லாமல், பொத்தானோடு போராடும் ஒரு முதியவராக மட்டும் பார்க்க முடிந்தால் எரிச்சலுக்குப் பிடிமானம் குறையலாம். மகன்களுக்கு இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும்.

மற்றபடி, கூரையில் ஆடிய ஒளியை நீங்கள் அவரிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை. அவருக்கும் மேலேதான் அது ஆடியிருக்கும். அவர் அதைப் பார்த்தாரா?


சாளரம் (வினா எழுப்பியவர்)

விடை எழுதிய எல்லோருக்கும் நன்றி. பதினைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

எதிர்க்காற்று அவர்களுக்கு: என் தமக்கையிடம் கேட்டேன். மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, சனிக்கிழமைகளில் மதியம் வரை அவர் வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடாகியிருக்கிறது. முதல் சனிக்கிழமை நான் எங்கும் போகவில்லை, எதையும் ரசிக்கவில்லை, தூங்கினேன். நடைவழி அவர்களுக்கு: உங்கள் ஊகம் ஏறக்குறையச் சரி. கூட்டம் ஒன்பதுக்கு அல்ல, எட்டேமுக்காலுக்கு.

பழகியகை அம்மா, நீங்கள் சொன்னபடி ஒரு விடுமுறை நாள் காலையில் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அப்பா கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்கி மேலே போனார். ஒவ்வொன்றையும் கழற்றியதும் அந்தத் துளையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். கடைசிப் பொத்தான் வரை போனதும் சட்டையைத் தோளிலிருந்து இறக்கி, மடிப்புக் கலையாமல் நீள வாக்கில் மடித்து, நாற்காலியின் முதுகில் போட்டார். வேலையிலிருந்து வீடு திரும்பியதும் அவர் ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவந்த செயல் அது. சிறுவனாக இருந்தபோது நான் ஒவ்வொரு மாலையும் பார்த்தது. அவர் என்னோடு சண்டையிடவே இல்லை. நான் காலையில் அவரைக் கிளப்பிக்கொண்டிருந்தேன், அவர் மாலையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். மொத்தமும் முடிய பதினோரு நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு நான் வேறொரு சட்டையை எடுத்து, ‘இப்போது கையைத் தூக்கப்போகிறேன்’ என்று சொல்லி மாட்டியபோது அவர் மறுக்கவில்லை.

இது எல்லா நாளும் நடப்பதில்லை. நேற்று முன்தினம் மறுபடியும் குரலை உயர்த்தினேன். கூட்டம் இருக்கும் நாள்களில் அவர் பொத்தானில்லாத சட்டைதான் அணிகிறார், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம்படி அவர்களின் கேள்விக்கு விடை தெரியவில்லை. அன்று நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு குவளையை அதே இடத்தில், வெயில் விழும்படியாகவே வைத்துவருகிறேன். மேகம் இல்லாத நாள்களில் ஏழரை மணி வாக்கில் ஒளி கூரைக்கு வருகிறது. இரண்டு முறை அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார், மூன்று முறை பார்க்கவில்லை.

இன்று காலை நான் சட்டை மாட்டிக்கொண்டு அவசரமாக அவரைக் கடந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார். என் கழுத்துப் பொத்தான் போடாமல் இருந்திருக்கிறது. எழுந்து நின்று, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, நெடுநேரம் போராடி அதை மாட்டிவிட்டார். பக்கத்துத் துளையில் மாட்டியிருந்தார், காலர் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. காணொலிக் கூட்டத்தில் ஒருவர் அதைக் கவனித்துச் சொன்னார். தெரியும் என்றேன்.